பாளையங்கோட்டையில் ஒரு கிண்ணம் மெக்லி

பாளையங்கோட்டைத் திருவனந்தபுரம் சாலையில் அண்மையில் தொடங்கிய அரபு உணவகம் ஒன்றில், இனிப்புப் பட்டியலின் கடைசி வரியாக ‘லெபனான் மெக்லி, 120 ரூபாய்’ என்றிருந்தது. குனாஃபாவும் பக்லாவாவும் இப்போது எங்கும் கிடைப்பதால், நான் மெக்லியையே கேட்டேன். “அரிசிப் பாயாசம் மாதிரிதான் இருக்கும், அண்ணாச்சி” என்றார் பரிமாறியவர்.

பாயாசம் என்று நினைத்துச் சாப்பிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும், ஏனெனில் மெக்லியில் பால் சேர்வதில்லை. அரிசி மாவு, சர்க்கரை, தண்ணீர் ஆகியவற்றோடு பட்டை, சோம்பு, சீமைச் சோம்பு (ஆங்கிலத்தில் கேரவே) ஆகிய மூன்றையும் பொடித்துச் சேர்த்து, மாவு கட்டிதட்டாமல் நெடுநேரம் கிண்டிக் கிண்ணங்களில் ஊற்றி ஆறவிட வேண்டும். அரபியில் அதன் பெயருக்கே ‘கொதிக்க வைத்தது’ என்றுதான் பொருள். லெபனானில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால், பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் இதைக் கொடுப்பது வழக்கம். கிறித்தவர் வீடுகளில் கிறிஸ்துமஸ் நாளிலும் செய்கிறார்கள். அதன் பழுப்பு நிறம் விளைநிலத்து மண்ணைக் குறிக்கிறது என்பார்கள். பிள்ளை பெற்றவளுக்குக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கும் நம் ஊர்க்காரருக்கு இது அந்நியமான பண்டமே அல்ல. நாம் தாய்க்குக் கொடுப்பதை அவர்கள் வந்தவர்களுக்கும் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

கண்ணாடிக் கிண்ணத்தில் வந்த மெக்லியின் மேல் மெல்லிய ஆடை படிந்திருந்தது. கரண்டி பட்டதும் அது சுருங்கி விலக, உள்ளே கருப்பட்டிப் பாகின் நிறத்தில் தளதளவென்று இருந்தது. மேலே தேங்காய்த் துருவலும் வாதுமையும் அக்ரூட்டும் தூவியிருந்தார்கள். முதல் வாயில் பட்டையின் மணம் நன்றாக எழுந்தது, இனிப்பும் அளவாகவே இருந்தது. இரண்டாவது வாயில்தான் ஏதோ ரசத்தின் நினைவு வந்தது. சமையற்காரரைக் கேட்டபோது, “சீரகந்தான் போட்டிருக்கோம், அண்ணாச்சி, அந்தச் சீமைச் சோம்பு இங்க கிடைக்க மாட்டேங்கு” என்று மறைக்காமல் சொன்னார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் மணத்தில் வேறு. வளைகுடாவிலிருந்து வாரந்தோறும் ஆட்கள் ஊர் திரும்பும் இந்தப் பக்கத்தில், யாரிடமாவது ஒரு பொட்டலம் சொல்லிவிடுவது பெரிய காரியமல்ல.

அதைவிடப் பெரிய குறை, மாவின் பச்சை வாசனை முழுதும் போகாமல் நாக்கில் சிறு நறநறப்பு தங்கியதுதான். கொதி வந்த பிறகு தீயைத் தணித்து முக்கால் மணி நேரமாவது கையெடுக்காமல் கிண்ட வேண்டிய பண்டம் இது. அல்வா கிண்டும் ஊரில் இதற்கு ஆளில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பருப்புகளையும் ஊறவைக்காமல் போட்டிருந்தார்கள். முன்பே ஊறவைத்துத் தோலுரித்திருந்தால் வாதுமை பால்போல் மென்மையாகி, அந்த மசாலாக் காரத்துக்கு இடையே குளிர்ச்சியாகக் கடிபட்டிருக்கும். எனக்குக் கிடைத்ததோ தோலோடு கடகடவென்றது.

அடுத்த வாரம் மீண்டும் போனபோது மாவு நன்றாக வெந்திருந்தது, வாதுமையும் ஊறியிருந்தது, சீரகம் மட்டும் அப்படியே இருந்தது. அந்த நிலையில் 120 ரூபாய் கொடுக்கலாம். ஒரு கிண்ணத்தை இருவர் பகிர்ந்துகொள்ளலாம். பார்சல் மட்டும் வாங்க வேண்டாம், பருப்பையும் தேங்காயையும் சூட்டோடு கலந்து மூடிவிடுகிறார்கள், வீட்டுக்கு வருவதற்குள் எல்லாம் நீர்விட்டுப் போகிறது.