மாலுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்கு: கேம் கார்டும் 'இலவச' கூப்பனும்

முழுப் பரீட்சை முடிந்து லீவு விட்டதும் எங்கள் ஊர்ப் பக்கம் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: சென்னையில் பெரிய மாலுக்குப் போகணும். நாங்கள் விழுப்புரம். உள்ளே நுழையக் காசு கிடையாது, ஏசி இருக்கிறது, வெயிலுக்கு ஒதுங்கினது மாதிரியும் ஆச்சு என்று கணக்குப் போட்டுத்தான் இங்கிருந்து எல்லாரும் கிளம்புகிறார்கள். வீட்டுக்காரர், நான், இரண்டு பிள்ளைகள், அத்தை என்று நாங்களும் அப்படித்தான் காரில் போனோம். கேம் ஜோனில் ஆயிரக்கணக்கில் போனது. எஸ்கலேட்டர் பக்கத்தில் நின்று நிரப்பிய ஒரு கூப்பனால் போனது நாற்பதாயிரம். அது இன்னும் திரும்பி வரவில்லை.

எந்த மால், எந்த கம்பெனி என்று பெயர் எழுதப் போவதில்லை. எழுதினால் 'சரி, அங்கே வேண்டாம், இன்னொன்றுக்குப் போவோம்' என்று கிளம்பிவிடுவீர்கள். கார்டு கவுன்ட்டரும் கூப்பன் பெட்டியும் ஒரு மாலோடு நிற்கிற சமாச்சாரம் இல்லை.

முதலில் பார்க்கிங்கைச் சொல்லி முடித்துவிடுகிறேன். மணிக்கணக்கில் காசு, சனி ஞாயிறு கூடுதல். ரேட் போர்டு சரிவில் இறங்கித் திரும்பின பிறகுதான் கண்ணில் படும். அதற்குள் பின்னால் வரிசையாக வண்டி நிற்கும், ரிவர்ஸ் எடுக்க முடியாது. இடம் தேடிச் சுற்றுகிற நேரமும் வெளியே வர வரிசையில் நிற்கிற நேரமும் நம் கணக்கில்தான் ஏறும். ஜி.எஸ்.டி. ரோட்டில் வருகிறவர்கள் வழியில் ஒரு மெட்ரோ ஸ்டேஷன் பார்க்கிங்கில் வண்டியை விட்டுவிட்டு ரயிலேறுவது உத்தமம். திருமங்கலம், வடபழனி மாதிரி இடங்களில் ஸ்டேஷனிலிருந்து மாலுக்கு நடந்தே போய்விடலாம்.

கேம் ஜோனுக்கு வருகிறேன். அங்கே எந்த மெஷினும் ரூபாயை வாங்காது, கார்டுதான். கார்டுக்கு நூறு ரூபாய், அது திரும்பாது. "ரெண்டாயிரம் போட்டீங்கன்னா எண்ணூறு போனஸ் மேடம்" என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண். போட்டோம். கார்டில் ஏறியது ரூபாய் இல்லை, பாயின்ட். ஒரு பாயின்ட் எத்தனை ரூபாய் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஒவ்வொரு ரைடும் 170, 190, 230 என்று ஏதோ ஒரு எண். நூறு, இருநூறு என்று முழுசாக ஒன்றும் கிடையாது. ஏன் என்று கடைசியில்தான் விளங்கியது.

போனஸ் பாயின்ட் வீடியோ கேமுக்கு மட்டும்தான் செல்லும். பம்பர் காருக்கும் டிராம்போலினுக்கும் செல்லாது. கார்டு போடும்போது இதை யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. பம்பர் கார் வரிசையில் நின்று, சின்னவன் ஏறி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து உட்கார்ந்த பிறகு கார்டைக் காட்டினால் சிவப்பு விளக்கு எரிகிறது. "மெயின் பேலன்ஸ் பத்தல மேடம், டாப்-அப் பண்ணிட்டு வாங்க." உட்கார்ந்த பிள்ளையை இறக்கிவிட யாருக்கு மனசு வரும்? அவர்கள் வியாபாரமே அந்த ஒரு நிமிஷத்தில்தான் இருக்கிறது. வீட்டுக்காரர் கவுன்ட்டருக்கு ஓடினார். டாப்-அப் குறைந்தது ஐந்நூறு.

டிராம்போலினுக்குத் தனி சாக்ஸ், அங்கேயே வாங்க வேண்டும், வீட்டிலிருந்து போட்டு வந்தது ஆகாதாம். சரி, பாதுகாப்புக்காக என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கும் பில் போட்டுக் காசு வாங்கின பிறகுதான் சுவரில் இருந்த ஒட்டகச்சிவிங்கி படத்தின் பக்கத்தில் நிறுத்தி உயரம் அளந்தார்கள். சின்னவனுக்கு உயரம் பத்தவில்லை. சாக்ஸ் திரும்ப எடுக்க மாட்டார்களாம். பையன் அந்த சாக்ஸை இப்போது வீட்டில் போட்டுக்கொண்டு திரிகிறான்.

கடைசியில் கார்டில் 140 மிச்சம். அந்தத் தளத்தில் 150க்குக் குறைந்து எதுவுமே இல்லை. ஒன்று இன்னொரு ஐந்நூறு போட வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட்டுப் போக வேண்டும். திருப்பிக் கேட்டதற்கு "சிஸ்டம்ல அந்த ஆப்ஷனே இல்ல மேடம்" என்று பதில். சிஸ்டத்தை வைத்தவர்கள் அவர்கள்தான் என்பதை அத்தைகூடப் புரிந்துகொண்டார். ஒரே கடைக்குள் மட்டும் செல்லுபடியாகும் இந்த மாதிரி கார்டுக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. போன் வாலட்டுகளுக்கு இருக்கிற விதிகள் இதற்குக் கிடையாது. ஆகவே வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போய்ப் பயனில்லை, நுகர்வோர் பக்கம்தான் போக வேண்டும். 140 பாயின்டுக்காக யார் போவார்கள்? அது அவர்களுக்கும் தெரியும்.

போயே தீருவது என்றால், கார்டு போடுமுன் தளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பிள்ளைகள் எதில் ஏறப் போகிறார்கள் என்று முடிவு செய்து, அந்தத் தொகையை மட்டும் போடுங்கள். போனஸ் வேண்டவே வேண்டாம்.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அத்தை கட்டி எடுத்து வந்த புளிசாதத்தை வாசலிலேயே தடுத்துவிட்டார்கள், அது காரிலேயே கிடந்தது. ஃபுட் கோர்ட்டில் ஐந்து பேர் வயிறு நிறையச் சாப்பிட்ட காசில் எங்கள் ஊரில் ஒரு பிறந்தநாளே கொண்டாடிவிடலாம். ஒரே ஒரு விஷயம்: மாலுக்குள்ளேயே படம் பார்க்கப் போனால், தியேட்டர்காரர்கள் வெளிச் சாப்பாட்டைத் தடுக்கலாம், ஆனால் குடிதண்ணீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கு எடுத்துப் போகிற உணவைத் தடுக்கக் கூடாது என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தண்ணீர் எங்கே என்று தைரியமாகக் கேளுங்கள்.

அப்போ போகவே கூடாதா என்று கேட்டால், அதற்காகவே ஊரிலிருந்து ஒரு நாளை ஒதுக்கி, வயசானவர்களையும் அழைத்துக்கொண்டு போவது வீண் என்பேன். அத்தை பாதி நேரம் உட்கார இடம் தேடினார். காசு கொடுத்துச் சாப்பிடுகிற இடம் தவிர மற்ற இடத்தில் நாற்காலி அபூர்வம். எஸ்கலேட்டரில் கால் வைக்கப் பயந்து, லிஃப்ட்டுக்கு ஸ்ட்ரோலர் வரிசையில் நின்றார். வேறு வேலையாகச் சென்னை வந்தவர்கள், வார நாளில், சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் ஒரு இரண்டு மணி நேரம் சுற்றிப் பார்ப்பதில் தப்பில்லை. பிள்ளைகளுக்காக மட்டும் என்றால் கிண்டி சிறுவர் பூங்கா இருக்கிறது, செவ்வாய்க்கிழமை விடுமுறை. கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் இருக்கிறது. என் மூத்தவள் அங்கேதான் அதிகக் கேள்வி கேட்டாள்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இதை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

தரைத்தளத்தில் எஸ்கலேட்டர் ஓரம் ஒரு புதுக் காரை நிறுத்தி, பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி வைத்திருந்தார்கள். டை கட்டின பையன் ஒருவன், "கூப்பன் ஃப்ரீ சார், பேரும் நம்பரும் மட்டும் எழுதுங்க, லக்கி டிரா" என்று அட்டையை நீட்டினான். பேரும் நம்பரும் மட்டும் இல்லை. கல்யாணம் ஆனவரா, வயது, மாத வருமானம், சொந்தக் கார் உண்டா, கிரெடிட் கார்டு உண்டா என்று வரிசையாகக் கட்டங்கள். கார் குலுக்கலுக்கு என் வீட்டுக்காரரின் கிரெடிட் கார்டு எதற்கு? ஒரு கூப்பனில் இந்தக் கட்டங்களைப் பார்த்தால் அது குலுக்கல் இல்லை, ஆள் பிடிக்கிற படிவம்.

அந்த வாரமே போன் வந்தது. கார் இல்லையாம், மூணாறில் இரண்டு இரவு தங்கல் பரிசாம். வாங்கிக்கொள்ள புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒன்றாக ஒரு ஹோட்டலுக்கு வர வேண்டும், ஆதாரும் கிரெடிட் கார்டும் 'அடையாளத்துக்காக' எடுத்து வர வேண்டும். ஒரு மணி நேரம்தான் என்றார்கள். போனால் கல்யாண மண்டபம் மாதிரி ஒரு ஹால், காதைப் பிளக்கிற பாட்டு, இருபது முப்பது மேஜை, ஒவ்வொன்றிலும் எங்களை மாதிரி ஒரு ஜோடி. யாராவது கையெழுத்துப் போட்டால் மணி அடித்துக் கை தட்டுகிறார்கள்.

எங்கள் மேஜைக்கு வந்த பெண் வெள்ளைத் தாளில் கணக்குப் போட்டாள். நாங்கள் நேராகப் படிக்கிற மாதிரி, அவள் பக்கத்திலிருந்து தலைகீழாகவே எழுதினாள். அந்தக் கைப்பழக்கத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன். ஒரு ராத்திரி ரூம் 5,000, வருஷத்துக்கு 6 ராத்திரி, 25 வருஷம், மொத்தம் 7,50,000. விற்றது, வருஷா வருஷம் அவர்கள் ரூமில் தங்கிக்கொள்கிற மெம்பர்ஷிப்பை. "எங்க மெம்பர்ஷிப் மூணு லட்சம்தான் சார்." வேண்டாம் என்றதும் மேனேஜர் வந்தார், இரண்டரை லட்சமானது. அவருக்கும் மேலே ஒருவர் வந்தார், 1,85,000 ஆனது, ஆனால் இன்றைக்கு மட்டும், வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்ல முடியாது. மே மாதத்திலும் ரூம் கிடைக்கும், வேண்டாம் என்றால் ஒரு வருஷத்தில் பணம் திரும்ப வரும், வேறு செலவே இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. 40,000 கார்டில் தேய்த்தார்கள், மீதி தவணை.

கையெழுத்து ஆனதும் அந்தப் பெண் கணக்குப் போட்ட தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவர்கள் கொடுத்த வாக்குறுதி முழுக்க அந்தத் தாளில்தான் இருந்தது. ஒப்பந்தத்தின் நகல் மெயிலில் பிறகுதான் வந்தது. அதில் வாய்மொழியாகச் சொன்ன எதுவும் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது என்று ஒரு வரி. பள்ளி விடுமுறை மாதங்களில் ரூம் இருந்தால்தான் உண்டு. வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம், போனாலும் போகாவிட்டாலும். பணம் எந்தக் காரணத்துக்காகவும் திரும்பாது. அந்த மூணாறு பரிசுக்கும் ஒரு இரவுக்கு இவ்வளவு என்று ஆளுக்குத் தனியாகக் கட்ட வேண்டும், பயணச் செலவு நம்முடையது.

மெயில் வந்த அன்றே ரத்து செய்யச் சொல்லி எழுத்தில் அனுப்பினோம். பதில் இல்லை. போன் செய்தால் மேஜையில் பேசின யாரும் இப்போது வேலையில் இல்லையாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தோம். அதற்கு மட்டும் கம்பெனி பதில் எழுதியது: ஒப்பந்தப்படி திருப்பித் தர இயலாது. அப்புறம் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டோம். 2019-ம் வருஷச் சட்டம் வந்த பிறகு நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி இருக்கிற ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான அரசு இணையதளமான இ-ஜாக்ரிதியில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

இப்படிச் சிக்கினவர்கள் யாராவது இதைப் படித்தால்: கார்டு தேய்த்த ரசீது, ஒப்பந்த நகல், ரத்துக் கடிதம், போன் வந்த எண்களும் நேரமும் எல்லாவற்றையும் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முதல் அழைப்பில் 'இலவசம்' என்று வாட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்பியிருந்தால் அதுதான் உங்கள் கையில் இருக்கிற நல்ல சாட்சி. எங்களிடம் அது இருக்கிறது, மனுவோடு இணைத்திருக்கிறோம். கம்பெனிக்கு நோட்டீஸ் போயிருக்கிறது, அவர்கள் பதில் மனுவுக்காகக் காத்திருக்கிறோம்.