முடிவு தெரிந்தேதான் படிக்கிறேன்: பிரிந்தவர் சேரும் நாவல்களோடு பத்து வருடம்

காதலித்துப் பிரிந்த இருவர் பல வருடம் கழித்துச் சந்திக்கிறார்கள், கடைசியில் சேர்கிறார்கள். செகண்ட் சான்ஸ் ரொமான்ஸ் என்கிற இந்த வகையைத்தான் பத்து வருடமாக அதிகம் படித்திருக்கிறேன். முதல் பக்கத்திலேயே முடிவு தெரிந்துவிடும். அதுதான் என்னை உள்ளே இழுத்ததும்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு மாதம், ராத்திரியில் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து போனில் இவற்றைப் படித்தேன். காலையில் டாக்டர் என்ன சொல்வார் என்று தெரியாது. கதையில் அவர்கள் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரியும். அந்த ஒரு நிச்சயம் அப்போது ரொம்பத் தேவைப்பட்டது.

அப்புறம் பழகிவிட்டது. ஒரு கல்யாணமோ சாவோ இருவரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரும். முதலில் கோபம். மழையில் எங்காவது ஒன்றாக மாட்டிக்கொள்வார்கள். அன்றும் இன்றுமாக அத்தியாயங்கள் மாறி மாறி வரும். முக்கால்வாசி தாண்டியதும் இன்னொரு பிரிவு, பிறகு மன்னிப்பு. எல்லாம் மனப்பாடம்.

அப்படியிருந்தும் சில நாவல்கள் தூங்கவிடுவதில்லை, சிலவற்றைப் பாதியில் மூடிவிடுகிறேன். யோசித்துப் பார்த்தால், வித்தியாசம் பிரிந்த காரணத்தில் இருக்கிறது. யாரோ ஒளித்துவைத்த கடிதம், பொய் சொன்ன தோழி, ஒரு போன் செய்திருந்தால் தீர்ந்திருக்கும் சந்தேகம் என்றால் எனக்கு ஒட்டாது. இருவர் மேலும் தப்பில்லை, அதனால் இருவரும் மாறவும் வேண்டியதில்லை. ஒருவர் பயந்து பின்வாங்கினார், மற்றவர் ரோஷத்தில் திரும்பிப் பார்க்கவேயில்லை என்றால்தான் நடுவில் போன வருடங்களுக்குக் கனம் வருகிறது.

ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் 'பர்சுவேஷன்' நாவல்தான் எனக்கு இதைப் புரியவைத்தது. 19 வயதில் பெரியவர்கள் பேச்சைக் கேட்டு, கடற்படை அதிகாரி வென்ட்வொர்த்தை வேண்டாமென்று சொன்ன ஆன் என்ற பெண், 27 வயதில் அவனை மறுபடி பார்க்கிறாள். 1816 ஜூலையில் ஆஸ்டின் முடிவை எழுதினார். பிடிக்காமல் மாற்றி எழுதினார். பழைய பகுதியின் கையெழுத்துப் பிரதி இன்றும் இருக்கிறது. அதில், ஆனிடம் ஒரு விஷயம் கேட்டுச் சொல்லும்படி வென்ட்வொர்த்தை அவன் அக்கா கணவர் அனுப்புகிறார், சந்தேகம் தீர்ந்து சேர்ந்துவிடுகிறார்கள். மாற்றி எழுதியதில், நம்பிக்கையெல்லாம் போன பிறகும் பெண்கள் நெடுநாள் நேசிப்பார்கள் என்று ஆன் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறாள். அதே அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் வென்ட்வொர்த், அதைக் கேட்டபடியே அவளுக்குக் கடிதம் எழுதுகிறான். சேர்வது என்னவோ இரண்டிலும் உண்டு. ஆனால் இரண்டாவதில் மூன்றாம் மனிதர் யாரும் சேர்த்துவைக்கவில்லை. அவள் வாய்திறந்து சொன்னாள், அவன் ரோஷத்தை விட்டான்.

நளன் கதையிலும், உருமாறி வந்தவனை அவன் சமைத்ததைச் சாப்பிட்டுப் பார்த்துத்தானே தமயந்தி கண்டுகொள்கிறாள்? இந்த மாதிரிச் சின்ன அடையாளங்களுக்காகத்தான் நான் காத்திருப்பேன். ஒரு நாவலில், பிரிந்து ஒன்பது வருடம் ஆனவனுக்கு அவள் கேட்காமலே இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு டீ கொடுக்கிறாள். அவன் சர்க்கரையை விட்டு நாலு வருடம் ஆகிறது. ஒன்றும் சொல்லாமல் முழுவதும் குடிக்கிறான். அவளுக்கு நினைவிருப்பது பழைய ஆள். எதிரே இருப்பவனை இனிமேல்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நாலே வரியில் அத்தனையும் வந்துவிட்டது.

எனக்குத் தீராத வருத்தம் ஒன்று உண்டு. வருடக்கணக்கில் அவளை அழவைத்தவன் ஒரே ஒரு மன்னிப்பில் தப்பித்துவிடும் கதைகள் நிறைய வருகின்றன. குழந்தை இருக்கிறது என்பதற்காகச் சேர்த்துவைப்பதும் அப்படித்தான். அவள் எப்போது மறுபடி நம்பத் தொடங்கினாள் என்று காட்டாமல் கடைசிப் பக்கத்துக்கு ஓடுகிறவர்களை என்னால் ஏற்கவே முடியவில்லை. சேர்ந்த பிறகு வரும் புது வீடு, இரட்டைக் குழந்தை அத்தியாயத்தை இப்போதெல்லாம் தொடுவதேயில்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த வகையில் இரண்டை அடுத்தடுத்துப் படிக்காதீர்கள். நடுவில் வேறு ஏதாவது படியுங்கள், இல்லையென்றால் எல்லாம் ஒரே கதையாகத் தெரியும். போன மாதம் அந்த டீ நாவலை மூன்றாவது முறையாக எடுத்தேன். அந்தப் பக்கம் எப்போது வரும் என்று நன்றாகத் தெரியும். இருந்தும் அவன் கோப்பையை வாங்கும் இடம் வந்ததும், ஒவ்வொரு வரியாக மெதுவாகத்தான் படித்தேன்.