ஏற்காடு மலைப்பாதையில் கேட்ட கரகரப்பும், திறக்காமலே பில் போடப்பட்ட டிஃபரன்ஷியலும்

ஏற்காட்டை அடுத்த நாகலூரிலிருந்து காப்பிக்கொட்டையும் மிளகும் ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு இறங்குவதும், திரும்பும்போது லீ பஜாரில் மளிகைச் சாமான் ஏற்றிவருவதும்தான் என் பிழைப்பு. சொந்தமாக இருப்பது ஒரே ஒரு பிக்கப் வண்டி, ஓட்டுநரும் நானே. சேலத்தில் ஒரு பட்டறையில் எனக்கு நேர்ந்ததை, மலையில் லோடு வண்டி ஓட்டும் மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் பட்டறையின் பெயரைச் சொல்லவில்லை.

கடந்த டிசம்பரில், காப்பி பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த வாரத்தில், அந்தச் சத்தம் முதன்முதலாகக் கேட்டது. அரிசி போடாத ஆட்டுக்கல்லில் வெறும் குழவியைச் சுற்றினால் எழும் கரகரப்பைப் போல, இரண்டு மூன்று விநாடி வரும். பிறகு தானாக நின்றுவிடும். சேலத்துச் சாலைகளில் ஒருநாளும் கேட்டதில்லை. வண்டி காலியாக இருந்தால் மலையிலும் கேட்காது. லோடுடன் அடிவாரத்தை நோக்கி இறங்கும்போது, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் சிலவற்றில் மட்டும் வந்தது.

இதையெல்லாம் பட்டறைக்காரரிடம் விவரமாகச் சொன்னேன். அவர் பாதி கேட்டதும், "பிரேக் பேட் தேஞ்சிருக்குங்க தம்பி, வேற ஒண்ணும் இல்லை" என்று முடித்துவிட்டார். காலி வண்டியைத் தெருக்கோடி வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்ததோடு சோதனை முடிந்தது. முன்பக்க பேடுகளையும் இரண்டு டிஸ்க்குகளையும் மாற்றி 7,400 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் லோடுடன் இறங்கியபோது அதே சத்தம் வந்தது.

மறுபடியும் போனேன். நான்கு நாள் வண்டியை வைத்துக்கொண்டு, பின்சக்கரங்களுக்கு எஞ்சின் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில், கிரௌன் பினியன் என்ற பல்சக்கர ஜோடியின் பல் தேய்ந்துவிட்டது, இப்படியே ஓட்டினால் நடுவழியில் நின்றுவிடும் என்று பயமுறுத்தி, மாற்றிவிட்டதாகச் சொல்லி 34,500 ரூபாய்க்குக் கையால் எழுதிய ஒரு ரசீதைத் தந்தார்கள். அதில் ஜிஎஸ்டி எண் இல்லை, பாகத்தின் எண்ணும் இல்லை. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டபோது, "பழைய இரும்புக்காரன் அள்ளிட்டுப் போயிட்டானுங்க" என்றார்கள். புது டயர் வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணம் முழுவதும் அதில் போயிற்று. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பத்து வருடமாகப் பழகிய முகம் என்பதால் வரவில்லை.

அடுத்த வாரம், பக்கத்தில் இரண்டு சுமைக்காரர்களும் உட்கார்ந்திருக்க, ஒரு வலதுபக்க வளைவில் சத்தம் முன்னைவிடப் பலமாக எழுந்தது. ஸ்டியரிங்கிலும் அதிர்வு தெரிந்தது. அன்றுதான் எந்தெந்த வளைவில் வருகிறது என்று தாளில் குறிக்கத் தொடங்கினேன். மூன்று ட்ரிப் குறித்துப் பார்த்ததில், குறித்திருந்த அத்தனையும் வலப்புறம் திரும்பும் வளைவுகளாகவே இருந்தன.

அந்தத் தாளோடு அடிவாரத்தில் இருக்கும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். முதல் அரைமணி நேரம் அவர் ஸ்பேனரையே தொடவில்லை. எத்தனை மூட்டை ஏற்றியிருந்தது, பிரேக்கில் கால் இருந்ததா, ஆக்ஸிலரேட்டரை விட்டால் சத்தம் மாறுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு லோடோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, மலையேறி இறங்கிக் காதால் கேட்டார். அவர் விளக்கியதை, மலைக்காரர்கள் எல்லோருக்கும் பயன்படும் என்பதால், என்னால் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

சத்தம் பிரேக்கிலிருந்து வந்தால், பெடலை மிதிக்கும்போதும் விடும்போதும் அது மாற வேண்டும். டிஃபரன்ஷியலிலிருந்து வந்தால், ஆக்ஸிலரேட்டரை மிதித்து இழுக்கும்போது ஒரு மாதிரியும், காலை எடுத்து வண்டி தானாக ஓடும்போது வேறு மாதிரியும் கேட்கும். திரும்பும் திசையை மட்டும் பார்த்து அது வராது. எஞ்சினா, சக்கரமா என்று பிரித்தறிய, ஆளில்லாத சமதளச் சாலையில் கிளட்சை மிதித்துப் பார்க்கலாம். எஞ்சின் வேகம் குறைந்தும் சத்தம் குறையாமல் வண்டியின் வேகத்தோடு மட்டுமே கூடிக் குறைந்தால், சக்கரத்தின் பக்கம்தான் தேட வேண்டும். மலை இறக்கத்தில் இதைச் செய்யவே கூடாது என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னார். கியரிலிருந்து விடுபட்ட லோடு வண்டியைப் பிரேக் மட்டும் பிடித்து நிறுத்தாது. வண்டி வலப்புறம் திரும்பும்போது பாரம் இடதுபக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. இறக்கத்தில் பாரத்தில் ஒரு பகுதி முன்னுக்கு வருகிறது. ஆகவே லோடு, இறக்கம், வலது வளைவு ஆகிய மூன்றும் சேரும்போது வதைபடுவது முன்பக்க இடது சக்கரத்தின் பேரிங்தான், அதாவது சக்கரம் இலகுவாகச் சுழல உள்ளே இருக்கும் உருளை வளையம்தான். விட்டுவிட்டு வரும் சத்தமாக எனக்குத் தோன்றியதற்கு, உண்மையில் ஓர் ஒழுங்கு இருந்திருக்கிறது.

அதை உறுதிப்படுத்த அவர் எடுத்துக்கொண்டது பத்து நிமிடம். ஏறும்போது பிரேக்குக்கு அதிக வேலை இருக்காது என்பதால், மேலே போய்ச் சேர்ந்ததுமே இரண்டு முன்சக்கரங்களின் நடுப்பகுதியை ஒப்பிட்டிருந்தார். இடதுபக்கம் கையை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக இருந்தது. அடிவாரத்தில் லோடை இறக்கி, ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டியபோது ஆட்டம் தெரிந்தது. சுழற்றியபடி சக்கரத்துக்கு மேலுள்ள சுருள்வில்லின் (ஸ்பிரிங்) மேல் என் விரலை வைக்கச் சொன்னார். மணல் அரைபடுவதைப் போன்ற நெருடலை என் விரலே உணர்ந்தது. கழற்றியபோது, தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் கிழிந்திருந்தது. மழைத் தண்ணீர் புகுந்து கிரீஸ் பழுப்பு நிறக் கூழாகியிருந்தது. பேரிங் உருளைகளில் குழிகள் விழுந்திருந்தன. உள்ளும் வெளியுமாக இரண்டு பேரிங், சீல், கிரீஸ், கூலி எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய். பழைய பேரிங்கை அவராகவே தாளில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

பிறகு, நான் கேட்காமலே, வண்டியின் பின்புறம் குனிந்து டிஃபரன்ஷியலைக் காட்டினார். சுற்றியுள்ள நட்டுகளின் மேல் துருவும் காய்ந்த செம்மண்ணும் ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே படிந்திருந்தன. கிரௌன் பினியனை மாற்ற வேண்டுமானால் அந்த நட்டுகள் அத்தனையையும் கழற்றியாக வேண்டும். அடைப்பானைத் திறந்து எண்ணெயைத் தொட்டுப் பார்த்தோம். புதிதாக மாற்றியதாக ரசீதில் எழுதப்பட்டிருந்த எண்ணெய், கறுத்துப் பழையதாக இருந்தது. அதில் இரும்புத் தூளும் இல்லை. கெட்டுப்போகாத ஒன்றை, கையே வைக்காமல், மாற்றியதாகப் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

பணம் போனதைவிட என்னை உறுத்துவது வேறு. அந்தப் பேரிங் இறுகியோ உடைந்தோ போயிருந்தால், சக்கரமே கையை மீறியிருக்கும். அந்தப் பாதையில் ஒரு பக்கம் பள்ளத்தாக்கு. வண்டி சரியாகிவிட்டது என்று பொய் சொல்லி, மூன்று பேரை அதில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். நேரில் போய்க் கேட்டபோது, வேலை செய்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டான் என்று சொன்னார்களே தவிர, ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன். பலன் இல்லாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். தொழிலுக்கு ஓட்டும் வண்டிக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று பலர் என்னைத் தடுத்தார்கள். ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டும் பயன்படுத்துபவரை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது. செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். பட்டறையில் வண்டியை விடும் முன், டிஃபரன்ஷியல் நட்டுகளையும் சக்கரங்களையும் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். மாற்றிய பாகத்தைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். சத்தம் வரும் சாலைக்கு மெக்கானிக்கை உடன் அழைத்துப் போங்கள், வர மறுத்தால் வேறு இடம் பாருங்கள். என்னிடம் முன்கூட்டி எடுத்த படம் இல்லை. செம்மண் படிந்த நட்டுகளை அடிவாரத்தில் அன்றே எடுத்த படங்களும், அந்தப் பழைய பேரிங்கும், கையால் எழுதிய ரசீதும்தான் என் சாட்சி.