பாஸ் கிதார் நெக் வாங்கப் போகிறீர்களா? என் 18,500 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

18,500 ரூபாய். அதற்கு மேல் "வாங்குபவர் பாதுகாப்புக் கட்டணம்" என்று 370 ரூபாய். பாதுகாப்பு என்ற சொல்லைப் பார்த்தாலே இப்போது வயிறு எரிகிறது.

நேற்று இரவு அந்த இணையச் சந்தைக்காரர்கள் என் புகாரை இரண்டாவது முறையாக மூடிவிட்டார்கள். "தீர்க்கப்பட்டது" என்று பச்சை நிறத்தில் ஒரு டிக் வேறு. யாருக்குத் தீர்ந்தது? தூக்கம் வராமல் விடிகாலையில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கோபத்தில் முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயரைப் போட மாட்டேன், வக்கீல் நண்பர் ஒருவர் வேண்டாம் என்றார். பழைய வாத்தியங்களும் அவற்றின் உதிரிபாகங்களும் கைமாறும் ஓர் இணையச் சந்தை என்பது போதும். பாஸ், கிதார் வாசிப்பவர்களுக்குப் புரியும்.

நான் கடலூர். சிப்காட்டில் ஷிப்ட் வேலை, மிச்ச நேரத்தில் ஓர் இசைக்குழுவில் பாஸ். வைகாசியில் திருப்பாதிரிப்புலியூர் கோயில் திருவிழா தொடங்கினால் ஆடியில் கூழ் ஊற்றும் வரை எங்களுக்குச் சீசன். இந்தச் சீசனுக்கு என் கையால் கட்டிய பாஸோடு மேடை ஏற வேண்டும் என்பது மூன்று வருட ஆசை.

ஆசைக்குக் காரணம் ஒரு பலகை. பண்ருட்டிப் பக்கம் என் பெரியம்மா வீட்டுத் தோப்பில், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது, விழுந்த மரங்களில் ஒரு கிழட்டுப் பலாவும் இருந்தது. பெரியப்பா அதை அறுத்து, பலகைகளைப் பரண்மேல் போட்டுவிட்டார். அத்தனை வருடம் பரணில் உலர்ந்த பலாவுக்குக் கடையில் விலை கேட்டுப் பாருங்கள். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலா, பாஸுக்கு மட்டும் ஏன் ஆல்டர் மரத்தைத் தேடி அலைய வேண்டும்? எடை கொஞ்சம் கூடும், தோளில் அகலமான வார் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

திட்டம் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பிரிசிஷன் வகை. இரண்டாகப் பிளந்த ஒரே பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தச் சுருள்), ஒரு வால்யூம், ஒரு டோன். 250 கிலோ ஓம் பாட் இரண்டு, 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, ஜாக், அவ்வளவுதான். பாடியை, அதாவது உடல்பலகையை, நம் ஊரிலேயே செய்துகொள்ளலாம். நெக், அதாவது விரல் ஓடும் கழுத்து, அதை மட்டும் வாங்கித்தான் ஆக வேண்டும். ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதிக்கும் உலோகக் கோடுகள்) போடுவதும் உள்ளே ட்ரஸ் ராட் (நெக் வளைந்தால் நிமிர்த்தும் இரும்புக் கம்பி) புதைப்பதும் என் கைக்கு மீறிய வேலை.

இங்கே கொஞ்சம் அளவு பேசியாக வேண்டும், ஏனென்றால் ஏமாற்று வேலை முழுக்க அளவில்தான் நடந்தது. லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பிரிசிஷன் பாஸிலிருந்தே வழக்கமான ஸ்கேல் 34 இன்ச். அதாவது நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் சிறு கட்டை) பாடியில் இருக்கும் பிரிட்ஜில் கம்பி உட்காரும் இடம் வரை 34. பன்னிரண்டாவது ஃப்ரெட் சரியாகப் பாதியில், 17 இன்ச்சில் வரும். 30 இன்ச் குட்டை ஸ்கேல் பாஸும் உண்டு, அதில் 15-இல் வரும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதிலும் போட்டோவில். ஆனால் 34-க்கு வரைந்த பாடியில் 30 இன்ச் நெக்கை மாட்டினால், பாஸ் எந்த ஜென்மத்திலும் சுருதி சேராது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் ஏமாந்தேன், அந்த எரிச்சல்தான் அடங்க மாட்டேன் என்கிறது.

விளம்பரத்தில் "முழு அளவு பாஸ் நெக், மேப்பிள், 20 ஃப்ரெட்" என்று இருந்தது. கூடவே பிக்கப், பிரிட்ஜ், கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் நான்கு முடுக்கிகள், வயரிங் சாமான் எல்லாம் ஒரே ஆளிடம். நெக் 10,500, பிக்கப் 3,200, பிரிட்ஜ் 1,800, முடுக்கிகள் 2,200, வயரிங் 800. கூட்டினால் 18,500. "சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்" என்ற முத்திரை. வெளியூர் ஆள், ஆனால் தமிழ் நன்றாகப் பேசினார். முதல் போனிலேயே, "நானும் பாஸ்தான் தம்பி. கடைசி வரிசையில நிக்கிறவன் கஷ்டம் நமக்குத்தானே தெரியும்" என்றார். உருகிவிட்டேன். பாஸ் வாசிப்பவனுக்கு இப்படி ஓர் ஆறுதல் யார் சொல்வார்கள்?

இருந்தாலும் நான் முட்டாள் இல்லை என்று காட்ட வேண்டுமே. "அண்ணே, வீடியோ காலில் பன்னிரண்டாவது ஃப்ரெட் வரைக்கும் டேப் வைத்துக் காட்ட முடியுமா? 17 வரணும்" என்று கேட்டேன். "தாராளமா" என்றார்.

வெள்ளை விரிப்பு போட்ட கட்டில்மேல் நெக். அதன்மேல் மஞ்சள் டேப். கேமரா பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் இரட்டைப் புள்ளிக்குமேல் வந்து நின்றது. 17. சாவகாசமாக இருபதாவது ஃப்ரெட் வரை நகர்ந்து காட்டினார். நான் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்தேன். "திருப்தியா தம்பி?" என்றார். திருப்தி என்றேன். ஐந்தே நிமிடத்தில் 18,500 ரூபாயும் அந்த 370-ம் போய்விட்டது.

டேப்பின் மறுமுனை எங்கே இருந்தது என்று நான் கேட்கவில்லை. அது நட்டைத் தாண்டி, தலைப்பக்கம் இரண்டு இன்ச் உள்ளே, அவன் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது. பதினைந்தும் இரண்டும் பதினேழு. (இதற்குமேல் அவர் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.) எந்த எண் வந்தால் நான் நம்புவேன் என்பதை நானே அவனுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன்!

பார்சல் வந்தது. பிரித்தேன், ஃப்ரெட்டில் விரலை ஓட்டிப் பார்த்தேன், வழுவழுப்பு. கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், கோணல் இல்லை. டேப் வைத்து அளக்கவில்லை. அதுதான் வீடியோவில் அளந்தாகிவிட்டதே! மறுபடி பெட்டியில் போட்டு பீரோமேல் வைத்துவிட்டு நைட் ஷிப்டுக்குப் போய்விட்டேன்.

எங்கள் தெருவில் கதவு, ஜன்னல் செய்யும் தச்சர் மாமாவிடம் பாடி வேலையைக் கொடுத்திருந்தேன். கிதார் அவருக்குப் புதுசு. அட்டையில் முழு அளவில் வரைந்து, நடுக்கோடு போட்டு, நெக் உட்காரும் குழி இரண்டரை இன்ச் அகலம், பிரிட்ஜ் இந்தக் கோட்டில் என்று எழுதிக் கொடுத்தேன். மனிதர் அப்படியே செய்திருந்தார். மஞ்சள் பூத்த அந்தப் பலாவை இழைத்து, ஓரம் உருட்டி, தண்ணீர்க் காகிதம் போட்டுத் தேய்த்து வைத்திருந்ததைப் பார்த்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. பார்சல் வந்து பன்னிரண்டாவது நாள் நெக்கை எடுத்துக்கொண்டு அவர் பட்டறைக்குப் போனேன்.

அவர் வாங்கி, என் அட்டையைப் பக்கத்தில் வைத்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். "தம்பி, நீ எழுதின காகிதத்துல இந்த எடத்துக்கு 17 போட்டிருக்கே. இதுல 15 தானப்பா வருது?"

"இல்ல மாமா, நட்டுலேருந்து வைங்க" என்றேன்.

"நட்டுலேருந்துதான் வச்சேன்."

கிதாரைத் தொட்டே பார்க்காத மனிதர் பத்து விநாடியில் கண்டுபிடித்ததை, பதினோரு வருடம் பாஸ் வாசித்த நான் கண்டுபிடிக்கவில்லை.

அங்கேயே போன் போட்டேன். "நான் எங்க தம்பி 34-னு எழுதினேன்? முழு அளவுன்னுதானே போட்டேன்" என்றான். வீடியோவில் காட்டினீர்களே என்றால், "டேப்பு கொஞ்சம் நகந்திருக்கும்." அப்புறம் ஆலோசனை வேறு: "பிரிட்ஜை முன்னாடி தள்ளி வச்சுக்கோங்க, ஒண்ணேகால் இன்ச் மேட்டர்தான்."

கணக்கு சரிதான், திருடனுக்குக் கணக்கு நன்றாகவே வருகிறது. பிரிட்ஜுக்குப் போட்ட ஐந்து ஓட்டைகளையும் அடைத்து, புதிதாக ஓட்டை போட்டு, அதையும் செய்துவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். குட்டை ஸ்கேலில் அதே கம்பியை அதே சுருதிக்கு ஏற்றினால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்து, கனத்த ஈ (E) கம்பி தொளதொளவென்று ஃப்ரெட்டில் அடிக்கும். அதையும் இன்னும் தடிமனான கம்பி போட்டுச் சமாளிக்கலாம். சரி, முதலில் நெக் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று ட்ரஸ் ராடின் திருகில் ஆலன் கீ போட்டுத் திருகினேன். இந்தப் பக்கமும் சுழல்கிறது, அந்தப் பக்கமும் சுழல்கிறது, எங்கும் பிடிப்பே இல்லை. கம்பி இழுப்பில் வளைந்தால் நிமிர்த்த வழி இல்லாத நெக். 34-க்கும் ஆகாது, 30-க்கும் ஆகாது. நியாயமாகச் சொன்னால் பிக்கப் நல்ல பிக்கப், முடுக்கிகளும் குறை இல்லை. ஆனால் நெக் இல்லாமல் அவற்றை வைத்து நான் என்ன செய்வது, தோரணம் கட்டவா?

அதன்பிறகு அவன் என் எண்ணைத் தடுத்துவிட்டான். ஆகவே இணையச் சந்தைக்கே போனேன். முதலில் இயந்திரம் பேசியது: "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்." மூன்று நாள் கழித்து ஒரு மின்னஞ்சல்: திருப்பி அனுப்பும் கெடு ஏழு நாள், நீங்கள் பன்னிரண்டாவது நாள் சொல்கிறீர்கள். ஏழு நாள் தவறியது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொருளே வேறு பொருளாக இருக்கும்போது கெடு என்ன கெடு? அந்த 370 ரூபாய் பிறகு எதற்கு?

அன்று இரவு ஸ்க்ரீன்ஷாட்டை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். படத்தில் நட் இல்லவே இல்லை. ஆனால் பன்னிரண்டாவது ஃப்ரெட் 17-இலும் இருபதாவது ஃப்ரெட் 22½ சொச்சத்திலும் இருப்பது தெளிவாகத் தெரிகிறது. உண்மையான 34 இன்ச் நெக்கில் இருபதாவது ஃப்ரெட் 23.3-இல் வர வேண்டும். இரண்டு ஃப்ரெட்டுக்கும் நடுவே 6¼ இன்ச் இருக்க வேண்டிய இடத்தில் 5½ தான் இருக்கிறது. அது 30 இன்ச் ஸ்கேலின் இடைவெளி. டேப்பை எங்கே வைத்தாலும் இந்த இடைவெளி பொய் சொல்லாது. அவனே காட்டிய படத்தில் அவன் குட்டு இருக்கிறது! துள்ளிக் குதித்து, சிவப்பில் அம்புக்குறி போட்டு, கணக்கு எழுதி அனுப்பினேன்.

வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "அளவு சிறியதாக இருந்தால் தயவுசெய்து அடுத்த அளவை ஆர்டர் செய்யவும்."

சட்டை என்று நினைத்துவிட்டார்கள்.

போனில் பிடித்தேன். நாலு பேர் மாறி ஐந்தாவதாக வந்தவர், "சார், ரெண்டு இன்ச் வித்தியாசத்துக்கா இவ்வளவு டென்ஷன்?" என்றார். 18,500 ரூபாய் டென்ஷன் என்றேன். மேலதிகாரி கூப்பிடுவார் என்றார். கூப்பிடவில்லை. "விற்பனையாளரும் நீங்களும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிப் புகாரை மூடினார்கள். என்னைத் தடுத்து வைத்திருப்பவனோடு எப்படிப் பேசுவது என்று கேட்டுத் திரும்பத் திறந்தேன். அதைத்தான் நேற்று மூடினார்கள். குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்று, ஒரு மாதத்துக்குள் முடித்து வைக்க வேண்டும் என்று 2020-இல் வந்த மின்வணிக விதியே சொல்கிறது. ஏற்றார்கள், முடித்தும் வைத்தார்கள், பணம் மட்டும் வரவில்லை.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் பதிந்திருக்கிறேன். அங்கும் ஆகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே மனுக்கட்டணம் கிடையாது, எனவே விடப்போவதில்லை. வீட்டில், "போனது போகட்டும், இன்னும் எதுக்கு அலையற" என்கிறார்கள். நைட் ஷிப்ட் பார்த்துச் சேர்த்த 18,500 ரூபாய் எப்படிப் போகட்டும்?

வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியவற்றை விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். வீடியோ காலில் அளவு கேட்டால் டேப்பின் பூஜ்யம் நட்டில் இருப்பதை முதலில் காட்டச் சொல்லுங்கள், எந்த எண் வர வேண்டும் என்று நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். ஸ்கேல் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள், "முழு அளவு" என்பது ஒன்றும் இல்லாத வார்த்தை. ட்ரஸ் ராட் திருகுவதைக் காட்டச் சொல்லுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், டேப்பும் கையுமாகப் பிரியுங்கள். பாடி தயாராகட்டும் என்று என்னைப்போல பீரோமேல் வைக்காதீர்கள்.

இன்னொன்று. இன்று காலை பார்த்தேன், அதே வெள்ளை விரிப்பு, அதே கட்டில், வேறொரு நெக், விலை 11,000. முத்திரை அப்படியே இருக்கிறது. அதனால்தான் ஆறப்போடாமல் இன்றே எழுதுகிறேன்.

பலா பாடி தச்சர் மாமா பட்டறையில் துணி சுற்றி இருக்கிறது. கூலியை வாங்க மாட்டேன் என்கிறார், "மொதல்ல அது சத்தம் போடட்டும்" என்கிறார். கடலூர், பாண்டி, நெய்வேலிப் பக்கம் யாரிடமாவது 34 இன்ச் நெக் இருந்தால் சொல்லுங்கள். பழசானாலும் பரவாயில்லை. நேரில் வருகிறேன், டேப் நானே கொண்டுவருகிறேன்.