நேத்ராணி டைவிங்: போனில் பேசினவர் வேறு, கையைப் பிடித்தவர் வேறு

பெங்களூர் அல்சூரிலிருந்து நானும் அக்கா மகன் கார்த்தியும் ராத்திரி பஸ்ஸில் கர்நாடகக் கடற்கரையில் இருக்கிற முருதேஸ்வர் போய், மறுநாள் ஸ்கூபா டைவிங்குக்காகப் படகேறி நேத்ராணித் தீவுக்குப் போய்வந்தோம். டைவிங் கம்பெனி பெயர் வேண்டாம். "ஆறே பேர்தான் மேடம்" என்று போனில் அடித்துச் சொன்னார்கள். படகில் இருபது பேருக்கு மேல். கொடுத்த வெட்சூட் (உடம்போடு ஒட்டுகிற டைவிங் உடை) முந்தின நாள் ஈரம்கூடக் காயாமல் நாறியது.

தீவு கரையிலிருந்து 19 கிலோமீட்டர். வாந்தி வருகிற உடம்பென்றால் புறப்படும் முன்பே அவோமின் மாத்திரை போட்டுவிடுங்கள். எங்கள் படகில் பாதிப் பேர் போகும்போதே சுருண்டுவிட்டார்கள்.

ஸ்நார்க்கலிங் (குழாயில் மூச்சு விட்டபடி மேலேயே மிதந்து பார்ப்பது) மட்டும் எடுத்தவர்களைப் பார்த்தால் பாவமாக இருந்தது. லைஃப் ஜாக்கெட்டோடு கயிற்றைப் பிடித்துக்கொண்டு மிதக்கலாம், அவ்வளவுதான். பவளப்பாறை எங்கோ கீழே மங்கலாகத் தெரியும். காசு கூடினாலும் டைவ் எடுங்கள். நீச்சல் தெரியாதவர்களையும் 12 மீட்டர் ஆழம் வரை கூட்டிப்போகலாம், பயிற்சியாளர் கூடவே இருப்பார்.

எனக்கு வாய்த்தவர் ராமேஸ்வரம் பக்கத்துப் பையன். "அக்கா, என்ன ஆனாலும் மூச்ச அடக்காதீங்க. காது அடைச்சா மூக்கப் பிடிச்சு ஊதுங்க. கட்டை விரலைத் தூக்கினா மேல போகணும்னு அர்த்தம்" என்று பொறுமையாகச் சொல்லித்தந்தார். கார்த்திக்கும் இதெல்லாம் சொன்னார்கள்தான். ஆனால் கீழே மீன் கூட்டத்தைப் பார்த்த குஷியில் அவன் கட்டை விரலைத் தூக்க, அவனுடைய ஆள் நேராக மேலே கொண்டுவந்து விட்டுவிட்டார். சாயங்காலம் வரை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

கீழே நான் மறக்காதது சத்தம். பச்சையும் நீலமுமாக ஒரு கிளிமீன் பாறையைக் கொறிக்க, கறுக் கறுக்கென்று காதில் விழுந்தது. பாசியோடு சேர்த்து விழுங்குகிற பவளத்தைத்தான் அது பிறகு வெள்ளை மணலாகக் கழிக்கிறதாம். ஒருவர் பவளத்தை ஒடிக்கக் கை நீட்டினார். ராமேஸ்வரத்துப் பையன் பட்டென்று தட்டிவிட்டான். சரியான வேலை. 1972 வனவிலங்குச் சட்டத்தில் புலி இருக்கிற அதே முதல் அட்டவணையில்தான் பவளமும் இருக்கிறது.

போட்டோவுக்குத் தனிக்காசு வாங்கினார்கள். வாட்ஸப்பில் வந்ததில் இரண்டு படம் யாரோ ஒரு மீசைக்காரருடையது.

மழைக்காலத்தில் படகு போகாது. டிசம்பர், ஜனவரி நல்லது. டைவ் முடிந்த கையோடு மங்களூரில் விமானம் ஏறத் திட்டம் போடாதீர்கள், ஒரு டைவுக்கே குறைந்தது 12 மணி நேரம் விட்டுத்தான் பறக்க வேண்டும். இதையும் அந்தப் பையன்தான் சொன்னான். பணம் வாங்கினவர்கள் வாயைத் திறக்கவில்லை.