இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு: வீடா, மறுவாழ்வு மையமா?

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே, சில மருத்துவமனைகளில் அன்று மாலையே, வாக்கரைப் பிடிக்கச் சொல்லி நிற்க வைத்துவிடுகிறார்கள். சில நாள்களில் டிஸ்சார்ஜ் பேச்சு வந்துவிடும். நேரே வீட்டுக்கு அழைத்துப் போவதா, இரண்டு மூன்று வாரம் மறுவாழ்வு மையத்தில் வைத்திருப்பதா என்ற கேள்வியைப் பெரும்பாலான குடும்பங்கள் செலவை மட்டும் பார்த்து முடித்துவிடுகின்றன. அம்மாவுக்கு 71 வயதில் வலது இடுப்பு மாற்றப்பட்டபோது நாங்களும் அப்படித்தான் கணக்குப் போட்டோம். முதலில் அளந்து பார்த்திருக்க வேண்டியது வீட்டுக் குளியலறையை என்பது பிறகுதான் புரிந்தது.

எந்த இடமானாலும், புதிய மூட்டு நழுவாமல் இருக்க விதிக்கும் கட்டுப்பாடுகள் மாறுவதில்லை. பின்பக்கமாகத் திறந்து செய்த அறுவையென்றால் இடுப்பு 90 பாகைக்கு மேல் மடங்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, அந்தக் காலின் பாதம் உள்நோக்கித் திரும்பக் கூடாது. பொதுவாக 6 முதல் 12 வாரம் வரை இதைக் கடைப்பிடிக்கச் சொல்வார்கள். முன்பக்கமாகத் திறந்தவர்களுக்கோ காலைப் பின்னால் நீட்டி வெளிப்பக்கம் திருப்புவதுதான் ஆபத்து. ஆகவே அறுவை செய்துகொண்ட உறவினர் ஒருவர் தொலைபேசியில் சொல்லும் விதிகள் நம் நோயாளிக்குப் பொருந்தாமலே போகலாம். அறுவை செய்த மருத்துவரிடமே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

மையத்தின் பலம் அதன் கட்டட அமைப்பிலேயே இருக்கிறது. உயரமான கமோடு, சுவரில் கைப்பிடி, வாசற்படி இல்லாத தரை, இரவிலும் மணி அடித்தால் வரும் செவிலியர், நாள்தோறும் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் என எல்லாம் தயாராக இருக்கும். காயத்துக்குக் கட்டு மாற்றுவது, ரத்தம் உறையாமல் இருக்க ஏறத்தாழ ஒரு மாதம் தரப்படும் மருந்தை நேரம் தவறாமல் கொடுப்பது ஆகியவற்றுக்கு வீட்டார் பொறுப்பேற்க வேண்டியதில்லை. குறையும் அதே அமைப்பில்தான் உள்ளது. வழவழப்பான சமதரையில் நடந்து பழகியவர் வீடு திரும்பிய அன்று இரண்டு அங்குல நிலைப்படியின் முன்னால் தயங்கி நிற்பார்.

வீட்டில் அந்தப் பழக்கம் முதல் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. ஆனால் நம் வீடுகள் குனிவதற்கும் குந்துவதற்கும் சம்மணமிடுவதற்கும் ஏற்றவாறு அமைந்தவை. குளியலறையையே எடுத்துக்கொள்வோம். அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, வழக்கம்போல் வாளியைத் தரையில் வைத்தோம். மக்கில் தண்ணீர் மொள்ள அவர் முன்னால் சாய்ந்தபோது இடுப்பு 90 பாகையைத் தாண்டப் பார்த்தது. உடனிருந்த நான் தோளைப் பிடித்து நிறுத்தினேன். மறுநாள் வாளியை ஒரு முக்காலியின் மேல் ஏற்றியதும் சிக்கல் தீர்ந்தது. தாழ்ந்த சோபா, அதைவிடத் தாழ்ந்த கட்டில், தரைமட்ட டாய்லெட் எல்லாம் இதே வகைச் சிக்கல்களே. உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட உயரக் கூடாது என்ற ஒரே அளவுகோலோடு வீட்டை ஒருமுறை சுற்றி வந்தால் எவற்றை மாற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும். கமோடு மேல் பொருத்தும் உயர இருக்கையும் கால்மிதிகளை அகற்றுவதும் பெரிய செலவில்லை. ஈரத் தரைதான் என் கண்ணில் முதல் எதிரி. துடைத்த தரை காயும்வரை நோயாளி எழுந்திருக்கவே கூடாது.

பயிற்சியைப் பொறுத்தவரை மையம் முந்துகிறது என்று தோன்றும். ஆனால் கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, தொடைத் தசையை இறுக்கித் தளர்த்துவது, நின்றபடி காலைப் பக்கவாட்டில் தூக்குவது, கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டுவது ஆகியவற்றுக்குக் கருவி தேவையில்லை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை உருவாக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பலரும் தாங்களாகவே பயிற்சி செய்துகொள்ளலாம் என்ற போக்கிலேயே அமைந்தது; அன்றாட வேலைகளைச் சமாளிக்கச் சிரமப்படுவோர் போன்றவர்களுக்கே நேரடி மேற்பார்வையை அது வலியுறுத்துகிறது. வீட்டில் உண்மையான இடர், பாசம். பயிற்சி நேரத்தில் உறவினர் நலம் விசாரிக்க வருவார். வலிக்கிறது என்றதும் "இன்றைக்கு வேண்டாம், படுத்துக்கோங்க" என்பார்.

தனியாக வாழ்பவர், பகலில் துணையில்லாதவர், மாடியில் குடியிருந்து லிஃப்ட் இல்லாதவர், நினைவுத் தடுமாற்றம் உள்ளவர் ஆகியோருக்கு மையமே சரி என்பது என் முடிவு. முதல் இரண்டு வாரத்துக்கு முழுநேரத் துணையும் திருத்திய குளியலறையும் உள்ளவர்களுக்கு வீடே போதும். மிச்சமாகும் பணத்தில் பிசியோதெரபிஸ்டை வீட்டுக்கே வரவழைக்கலாம். எங்கிருந்தாலும் கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத் திணறல், காயத்தில் கசிவு, திடீர் வலியோடு கால் குட்டையாகத் தெரிவது ஆகியவை உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகள்.

படியேறுகையில் நல்ல கால் முதலில், இறங்குகையில் அறுவை செய்த கால் முதலில்; கைத்தடி எப்போதும் அறுவை செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். வாக்கரிலிருந்து தடிக்கு மாறுவதும், ஏறத்தாழ ஆறு வாரத்துக்குப் பின் வண்டி ஓட்டுவதும், தரையில் உட்காரலாமா என்பதும் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியவை. அம்மா நான்காம் மாதத்தில் தடியையும் விட்டுவிட்டார். முக்காலி மட்டும் குளியலறையை விட்டு இன்னும் வெளியே வரவில்லை.