துணி பேட்: தையல்காரி வீட்டுக்கு ஒத்துவராத நல்ல சாமான்

நாய்க்குட்டி வீட்டுக்குள் மூத்திரம் போக தரையில் விரிக்கும், துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தும் பேட், இரண்டு கொண்ட செட், 749 ரூபாய். ஜூன் முதல் வாரத்தில் ஆன்லைனில் வாங்கினேன். இப்போது செப்டம்பர் கடைசி. பெட்டி பிரித்த அன்றைக்கே ஐந்து நட்சத்திரம் போட்டவர்களை நம்பி வாங்கியவள் என்பதால், நான்கு மாதம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் சாமானைப் பற்றி. சேலம் அம்மாப்பேட்டையில் வீட்டு முன்னறையிலேயே மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறேன், பதினேழு வருடமாகிறது. எந்தத் துணி கைக்கு வந்தாலும் ஓரத்தைத்தான் முதலில் புரட்டிப் பார்ப்பேன். பேட் இரண்டடிக்கு மூன்றடி. மேலே குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓடிய மெத்தென்ற துணி, நடுவில் ஈரம் குடிக்கும் பட்டை, அடியில் தண்ணீர் இறங்காதபடி பூச்சு கொடுத்த துணி. ஒரு டம்ளர் தண்ணீரை அப்படியே ஊற்றிப் பார்த்தேன், தரையில் சொட்டு ஈரம் இல்லை. அந்த வேலைக்கு முழு மார்க். ஆனால் ஓரத்துக்கு வைத்த கிராஸ் பட்டி மூன்றாவது துவைப்பிலேயே வாய் பிளந்துவிட்டது. தையல் நெருக்கம் போதாது, நூலும் மட்டம். நைலான் நூல் போட்டு நானே இரட்டைத் தையல் அடித்துக்கொண்டேன். தைக்கத் தெரியாதவர்கள் பாடு திண்டாட்டம்தான். பிரிந்த ஓரத்தைக் குட்டி பல்லால் பிடித்து இழுத்தால் உள்ளே இருக்கும் பஞ்சு வயிற்றுக்குப் போய்விடும்.

துவைப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதலில் வெறும் பச்சைத்தண்ணீரில் அலசிவிட்டு, பிறகு சோப்புத்தூள். வாசனைக்காகக் கடைசியில் ஊற்றும் திரவத்தைத் தொடவே கூடாது, ஈரம் உறிஞ்சுவது குறைந்துவிடும். எங்கள் போர் தண்ணீரில் துவைத்தால் உப்புப் படிந்து அப்பளம் மாதிரி விறைக்கிறது. மேட்டூர்த் தண்ணீர் குழாயில் வரும் நாளுக்குத் தள்ளிவைத்துத் துவைத்தேன். சேலத்து வெயிலுக்கு மூன்று மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

இனி மிளகு. கறுப்பு நாட்டுக்குட்டி, பெண். ஏற்காட்டில் காபித் தோட்ட வேலைக்குப் போகும் என் நாத்தனார் வீட்டு நாய் போட்ட ஐந்தில் ஒன்று. எட்டு வாரத்தில் அண்ணனின் ஆம்னி வேனில் ஏற்றி வந்தோம். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் சேர்த்து மூன்று முறை வாந்தி. அங்கே சில்வர் ஓக் மரத்தடியில், மண்ணிலும் சருகிலும் போய்ப் பழகிய குட்டி. எங்கள் வீடோ வாசல்படி இறங்கினால் தெரு, பின்னால் சுவர். தடுப்பூசி எல்லாம் முடியும்வரை தெருவில் இறக்கக் கூடாது, பார்வோ என்னும் வைரஸ் நோய் வந்தால் குட்டி தாங்காது என்று கால்நடை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குட்டிக்குப் பதினாறு வாரம் ஆகும்போதுதான் கடைசி ஊசி. அதுவரை எங்கே போகும்? அதற்குத்தான் இந்த பேட்.

முதல் பத்து நாள் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நேரம் குறித்துவைத்தேன். தூங்கி எழுந்த இரண்டு நிமிடத்தில் ஒன்று, சாப்பிட்டுக் கால் மணிக்குள் ஒன்று, ஓடி விளையாடினால் நடுவில் ஒன்று. அந்த நேரம் பார்த்துத் தூக்கி பேட்டில் விடுவேன், போனவுடன் அங்கேயே ஒரு பொட்டுக்கடலை அளவு வேகவைத்த கோழி. அங்கேயே, அப்போதே கொடுக்க வேண்டும். சமையலறைக்குப் போய் எடுத்து வந்து கொடுத்தால், எதற்குக் கொடுத்தோம் என்று அதற்குப் புரியாது. இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது என்பதால் ராத்திரி இரண்டு மணிக்கும் அலாரம். ஜூன் கடைசியில் நாளுக்கு ஒரு தப்பு, அவ்வளவுதான்.

ஜூலையில் கெட்டது. மெஷினுக்குக் கீழே வெட்டுத்துணிக் குவியல். மிதியடி. என் மகளின் பள்ளி யூனிஃபார்ம். கடைசியில், ஆவணி முகூர்த்தத்துக்கு வந்திருந்த அரக்குப் பட்டு பிளவுஸ் பிட், அதுவும் வெட்டி முடித்து, கட்டிலில் அடுக்கி வைத்திருந்தது. அதற்கு நான் கைக்காசு போட்டு வேறு பிட் எடுத்துக் கொடுத்த கதையை இங்கே எழுத மனம் வரவில்லை.

நான் மிளகைத் திட்டிக்கொண்டிருந்தபோது அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தை முறத்தை நிறுத்தாமல் சொன்னார்: “துணிமேல போன்னு நீதான பழக்குன கண்ணு? உனக்கு அது பேடு, இது பட்டு. அதுக்கு எல்லாம் துணிதான?”

எனக்கு வாயடைத்துவிட்டது. டாக்டரிடம் கேட்டபோது அவரும் அதையேதான் சொன்னார். குட்டி இடத்தை நினைவு வைப்பதைவிட, காலடியில் என்ன தட்டுப்படுகிறது என்பதைத்தான் அதிகம் நினைவு வைக்குமாம். மெத்தென்று, ஈரத்தை உள்வாங்குவதாக இருந்தால் அதுதான் கக்கூஸ். மலையில் மண் என்று கற்று வந்ததை, 749 ரூபாய் செலவழித்து, கோழியும் ஊட்டி, துணி என்று மாற்றியவள் நான். மொசைக் தரையும் நாற்காலியுமாக இருக்கும் வீட்டில் இந்தத் தொல்லை தெரியாது. என் வீட்டில் திரும்பிய பக்கமெல்லாம் துணி.

இன்னொரு தப்பு வீட்டில் எல்லாருக்கும் பொதுவானது. டிவிஎஸ்ஸில் கேன் கட்டி வரும் பினாயில்காரர் எங்கள் தெருவுக்குச் சொந்தக்காரர் மாதிரி. மிளகு எங்கே போனாலும் அத்தை அதன்மேல் பினாயில் ஊற்றித் துடைப்பார். நம் மூக்குக்கு வாடை போய்விடும், நாய் மூக்குக்குப் போகாது. மூத்திரம் கிடக்கக் கிடக்க அதிலுள்ள யூரியா அம்மோனியாவாக மாறும், அந்த வாடைதான் அடுத்த முறைக்கு வழிகாட்டி. அந்த வாடையைச் சிதைப்பதற்கென்று விற்கும் நொதி (என்சைம்) ஸ்பிரே அரை லிட்டர் 450 ரூபாய்க்கு வாங்கினேன். முதல் பாட்டில் முழுக்க வீண். பாட்டிலின் பின்னால் எறும்பு எழுத்தில் இருந்ததை ஒன்பதாவது படிக்கும் மகள் படித்துச் சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. அடித்து உடனே துடைக்கக் கூடாது, கால் மணி நேரம் ஊற வேண்டும். பினாயிலோ பிளீச்சோ போட்ட இடத்தில் அது வேலை செய்யாது, கிருமி கொல்லும் சரக்கு அந்த நொதியையும் உருப்படாமல் ஆக்கிவிடும். மூத்திரத்தின்மேல் பிளீச் ஊற்றினால் நெஞ்சை அடைக்கும் புகை வேறு கிளம்பும், செய்யாதீர்கள். முன்னறைக்குப் பினாயில் கிடையாது என்று அத்தையை ஒப்புக்கொள்ள வைக்க ஒரு வாரம் பிடித்தது. பின்கட்டு இன்னும் அவர் ஆட்சியில்தான் இருக்கிறது.

அப்புறம் ஆடி வந்தது. சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கோட்டை மாரியம்மன் தொடங்கி ஊர்க் கோயில் அத்தனையிலும் மேளம், வெடி. குகைப் பகுதியில் சாமி வேடம் போட்டு வண்டியில் வரும் வண்டி வேடிக்கை பார்க்க வந்த சொந்தம் பதினோரு பேர் எங்கள் வீட்டில். யார் குனிந்து தலையைத் தடவினாலும் மிளகு காதை மடக்கி, அங்கேயே சொட்டுச் சொட்டாக விட்டுவிடும். இதற்குப் பயிற்சியும் இல்லை, தண்டனையும் இல்லை. பயமும் மரியாதையும் சேர்ந்து தானாக வருவது. பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து, கண்ணைப் பார்க்காமல் கையை நீட்டுங்கள் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். குழந்தைகள் கேட்டார்கள், பெரியப்பா கேட்கவில்லை. அவர் வேட்டி நனைந்தது.

வெடிச்சத்தம் அடங்கிய பிறகும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை போய்க்கொண்டிருந்ததால் பயந்துவிட்டேன். பெட்டைக் குட்டிகளுக்கு மூத்திரப்பையில் கிருமி தொற்றுவது உண்டு, பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். காலையில் முதல் மூத்திரம் வேண்டும். பழைய குழிக்கரண்டியை எடுத்துக்கொண்டு அதன் பின்னால் நான் குனிந்தபடி நடந்ததை மகள் போனில் பிடித்து வைத்திருக்கிறாள். கிருமி எதுவும் இல்லை. ஆனால் திடீரென்று அடிக்கடி போனால் பயிற்சியைக் குறை சொல்லும் முன் இந்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.

ஆகஸ்டில் மாடித்தோட்ட ட்ரே ஒன்று எடுத்து, இரண்டு மூட்டை செம்மண் கொட்டி, மொட்டை மாடிப் படி ஏறினவுடன் வைத்தேன். மிளகின் மூத்திரத்தைத் துடைத்த காகிதத்தை மண்ணுக்குள் புதைத்தேன். மோந்து பார்த்தது, இரண்டு சுற்று சுற்றியது, போய்விட்டது. முதல் நாளே! மலை மண் ஞாபகம் அதற்குள் எங்கோ இருந்திருக்கிறது. துணிப் பழக்கம் போவதற்கு மட்டும் ஆறு வாரம் ஆனது. வெட்டுத்துணிக்கு மூடி போட்ட டப்பா, கட்டிலில் துணி கிடையாது, கண் பார்வையில் இல்லாத நேரம் கம்பித் தடுப்புக்குள். இப்போது ஆறு மாதம் ஆகப்போகிறது. செப்டம்பரில் இதுவரை இரண்டு தப்பு. இரண்டும் நான் மெஷினை விட்டு எழச் சோம்பேறித்தனப்பட்ட மத்தியானம்.

மாடி வீட்டில், மண்ணுக்கு வழியே இல்லாதவர்கள், வயதான நாய் வைத்திருப்பவர்கள் இந்த பேட்டைத் தாராளமாக வாங்கலாம். குறைந்தது நான்கு வேண்டும், இரண்டு போதாது, ஒன்று ஈரம், ஒன்று கொடியில் என்று இருக்கும். தூக்கி எறியும் பேட் 25 எண்ணம் 600 ரூபாய்க்கு விற்கும்போது கணக்கு இதற்குத்தான் சாதகம். என் வீட்டுக்கு ஐந்துக்கு மூன்று. குறைத்த இரண்டில் ஒன்றுதான் கிராஸ் பட்டிக்கு, மற்றது எனக்கு.

போன ஞாயிறு மிளகை ஏற்காட்டுக்கு, அதன் தாய் வீட்டுக்குக் கூட்டிப்போனோம். கூடையில் ஒரு பேட்டை மடித்து விரித்திருந்தேன். பதினோராவது வளைவில் வாந்தி, ஆம்னி சீட்டில் ஒரு சொட்டு இறங்கவில்லை. மேலே போய் அலசிக் கொடியில் போட்டேன். பனியில் சாயங்காலம்வரை காயவே இல்லை, ஈரத்தோடு சுருட்டிப் பையில் வைத்துத்தான் இறங்கினோம்.